ரேட்டிங்கை விடுங்கள், தோல்விகளைப் படியுங்கள்

செல்பேசியில் செஸ் ஆடும் பிள்ளையிடம் "எப்படி ஆடுறே?" என்று கேட்டுப் பாருங்கள். "எண்ணூத்தம்பது இருக்கேன்" என்று ஓர் எண் பதிலாக வரும். போன மாதம் தொள்ளாயிரம் இருந்ததாகவும், நடுவில் யாரோ ஒருவன் ஏமாற்றி ஜெயித்ததாகவும் கூடவே ஒரு விளக்கம் வரும். எப்படி ஆடுகிறான், எதில் தோற்கிறான், அடுத்து எதைக் கற்க வேண்டும் என்ற மூன்று கேள்விக்கும் அந்த எண்ணில் விடை கிடையாது. விடை அவன் ஆடி முடித்த ஆட்டங்களில் இருக்கிறது. அவற்றை எடுத்துப் படிக்கத் தெரிந்தால் பயிற்சியாளர் இல்லாத ஊரிலும் ஒரு பிள்ளை நன்றாக வளரலாம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வடக்கனந்தல் போன்ற பேரூருக்கு இது முக்கியம். விசுவநாதன் ஆனந்த் சிறுவனாக இருந்தபோது சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப் இருந்தது. பிரக்ஞானந்தா, அவருடைய அக்கா வைஷாலி, குகேஷ் மூவருக்கும் செஸ்ஸை ஊக்குவித்த பள்ளியும் பயிற்சியாளர்களும் சென்னையிலேயே அமைந்தார்கள். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து அந்தச் சென்னை இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது அரசுப் பள்ளிகளில் எல்லாம் செஸ் போட்டி வைத்தார்கள். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' ஊர் ஊராகச் சுவரில் நின்றது. அந்த அலையில் காய் நகர்த்தக் கற்ற பிள்ளைகளுக்கு இன்று எதிராளி கிடைக்கும் ஒரே இடம் பெரும்பாலும் செல்பேசித் திரைதான். ஆட்டத்துக்கு அங்கே பஞ்சமில்லை. முடிந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கும் பழக்கத்துக்குத்தான் பஞ்சம்.

அந்த எண் என்ன சொல்கிறது?

காய்ச்சல் பார்க்கும் கருவி சூட்டைச் சொல்லும், நோயைச் சொல்லாது. ரேட்டிங்கும் அப்படித்தான்.

எலோ என்ற ஹங்கேரிய-அமெரிக்கப் பேராசிரியர் வகுத்த கணக்கிலிருந்து வந்தது இந்த முறை. இருவரின் ரேட்டிங்கும் சமமென்றால், நூறு ஆட்டத்தில் ஆளுக்கு ஐம்பது புள்ளி எதிர்பார்க்கலாம். ரேட்டிங்கில் 100 கூடுதலாக உள்ளவர் ஏறத்தாழ 64 புள்ளி எடுப்பார். வித்தியாசம் 200 என்றால் 76, 400 என்றால் 91. எதிர்பார்ப்பைவிட நன்றாக ஆடினால் எண் ஏறும், குறைவாக ஆடினால் இறங்கும். இணையத் தளங்கள் இந்த எலோ கணக்கைச் சற்றே மாற்றி, கிளிக்கோ என்ற முறையில் பயன்படுத்துகின்றன. புதுக் கணக்கு என்றால் உங்கள் பலம் தளத்துக்கு இன்னும் சரியாகத் தெரியாது. அதனால் முதல் சில ஆட்டங்களில் எண் எக்கச்சக்கமாக ஏறி இறங்கும். போகப் போக நிதானத்துக்கு வரும்.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, லிசெஸ் தளத்தின் எண்ணையும் செஸ் டாட் காம் எண்ணையும் ஒப்பிடக் கூடாது. லிசெஸ்ஸில் புதியவரும் 1500இல் தொடங்குவார். அங்கே 1400 இருக்கிற பிள்ளை இன்னொரு தளத்தில் 1000 இருந்தால் ஆச்சரியமில்லை. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் இவை இரண்டுக்கும் சம்பந்தமில்லாத தனிக் கணக்கு. இரண்டாவது, ஒரே தளத்திலும் புல்லட், பிளிட்ஸ், ரேபிட் என்ற வேக வகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. அவற்றைக் கலந்து பேசினால் குழப்பம்தான் மிஞ்சும்.

எண் இறங்கியதும் பிள்ளை துவண்டு போகாமல் இருக்க இன்னொரு கணக்கும் தெரிந்திருக்கட்டும். சமபலம் உள்ளவர்களோடு, டிராவே இல்லாமல், ஐம்பது ஆட்டம் ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எங்காவது தொடர்ந்து ஐந்து தோல்வி வருவதற்குப் பாதிக்குச் சற்று மேலான வாய்ப்பு இருக்கிறது. ஆட்டம் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு வாரத்து ஏற்ற இறக்கத்தைப் பார்க்காதீர்கள். மூன்று மாதத்துக் கோட்டைப் பாருங்கள்.

ஆட்டப் பாணி தெரியும் இடம்

பாணி என்றதும் தாக்குதல் ஆட்டக்காரர், தற்காப்பு ஆட்டக்காரர் என்று பெரிய பெரிய பெயர்கள் நினைவுக்கு வரும். தொடக்க நிலையில் பாணி என்பது பழக்கங்களின் தொகுப்பு, அவ்வளவுதான். கடைசி இருபது ஆட்டத்தைத் திறந்து நான்கு கேள்வி கேட்டால் போதும்.

ராணியை எத்தனையாவது நகர்வில் வெளியே கொண்டு வருகிறான்? நாலே நகர்வில் மேட் வைக்கும் ஆசையில் எஃப்7 கட்டத்தைக் குறிவைத்து ராணியை முன்னால் தள்ளுகிற பழக்கம் இணையத்தில் மிகப் பரவலானது. தெரியாதவர்களிடம் பலிக்கும். தெரிந்தவர்கள் ராணியை விரட்டி விரட்டியே தங்கள் குதிரைகளையும் பிஷப்புகளையும் வெளியே எடுத்துவிடுவார்கள்.

ராஜாவைக் கோட்டை கட்டிப் பத்திரப்படுத்துவது எப்போது? பத்து நகர்வுக்குள் கட்டுகிறானா, பதினைந்து தாண்டியும் ராஜா நடுவிலேயே நிற்கிறதா?

வெள்ளையில் ஜெயித்துக் கறுப்பில் தோற்கிறானா? முதல் நகர்வு வெள்ளைக்கு என்பதால் சிறு வித்தியாசம் இயல்பு. வித்தியாசம் பெரிதாக இருந்தால் கறுப்புக்கென்று ஒழுங்கான தொடக்கம் இல்லை என்று பொருள்.

ஆட்டம் எப்படி முடிகிறது? மேட்டா, எதிராளி விலகலா, கடிகாரமா? பாதி வெற்றி கடிகாரத்தால் வந்தது என்றால் அந்தப் பிள்ளை வேகமாக ஆடுகிறான் என்று சொல்லலாம், நன்றாக ஆடுகிறான் என்று சொல்ல முடியாது.

லிசெஸ்ஸில் 'இன்சைட்ஸ்' என்ற பக்கம் இவற்றில் பலவற்றை வரைபடமாகவே போட்டுத் தரும். அது இல்லாவிட்டாலும் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும்.

ஒன்றில் மட்டும் ஏமாறக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் வருகிற 'துல்லியம்' சதவீதம். எதிராளி ஐந்தாவது நகர்விலேயே ராணியைப் பறிகொடுத்தால், அடுத்துச் சுலபமான நகர்வுகளை ஆடினாலே 90க்கு மேல் காட்டும். சிக்கலான ஆட்டத்தில் 75 எடுத்துத் தோற்றவன் அதைவிட அதிகம் கற்றிருப்பான்.

முன்னேற்றம் நேர்கோட்டில் வராது

இணையத்திலும் பெயர் பெற்ற தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களில் பிரக்ஞானந்தாவின் கதையை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2005இல் பிறந்தவர். 2018இல், பதின்மூன்று வயது நிறையும் முன்பே, கிராண்ட்மாஸ்டர். 2022 பிப்ரவரியில் ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் என்ற இணையப் போட்டியில், கறுப்புக் காய்களோடு, அப்போதைய உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனை 39 நகர்வில் வென்றார். வயது 16. உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது அந்தத் திரைவழி ஆட்டத்தால்தான். அதே ஆண்டு மே மாதம் செசபிள் மாஸ்டர்ஸ் போட்டியில் மறுபடி கார்ல்சனை வென்று இறுதிவரை போனார். ஐரோப்பிய நேரத்தில் நடந்த போட்டி என்பதால் அரையிறுதி முடிந்தபோது இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. விடிந்தால் பதினொன்றாம் வகுப்புத் தேர்வு. இறுதியில் சீனாவின் டிங் லிரனிடம் டைபிரேக்கில் தோற்றார்.

2023இல் பாகுவில் நடந்த உலகக் கோப்பையில் முன்னணி ஆட்டக்காரர்களான நகமுராவையும் கருவானாவையும் வீழ்த்தி இறுதிக்கு வந்து கார்ல்சனிடம் தோற்றார். 2024 மே மாதம் நார்வேயில், நீண்ட நேர கிளாசிக்கல் ஆட்டத்திலும் கார்ல்சனை வென்றார். ஆனால் அதே ஆண்டின் பிற்பகுதி மங்கிப் போனது. தனிநபர் போட்டிகளில் பெரிய வெற்றிகள் வரவில்லை. பிறகு 2025 தொடக்கத்தில் விய்க் ஆன் ஜீயில் டாடா ஸ்டீல் பட்டம், தொடர்ந்து புக்காரெஸ்ட்டிலும் உஸ்பெகிஸ்தானிலும் பட்டங்கள். டாடா ஸ்டீலின் கடைசிச் சுற்றில் அவரும் குகேஷும் தத்தம் ஆட்டத்தில் தோற்று, சமநிலையில் முடித்து, டைபிரேக்கில் மோதினார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பட்டம் வாங்கிய நாளும் தோல்வியோடு கலந்துதான் வந்தது.

அவருடைய பாணியாகப் பலரும் சொல்வது பொறுமையை. மோசமான நிலையில் பதறாமல் காத்து நிற்பார். எதிராளி சிறு தவறு செய்ததும் விடாமல் பிடித்துக்கொள்வார். கார்ல்சனுக்கு எதிரான அந்த இணைய வெற்றிகளில் கார்ல்சனின் பிழைக்கும் பங்கு உண்டு. ஆனால் எதிராளி பிழை செய்யும்வரை நிலையைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தது பிரக்ஞானந்தாவின் ஆட்டம். எண்ணூறு ரேட்டிங் பிள்ளை இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுதான். அந்த நிலையில் எதிராளி பிழை செய்யாத ஆட்டமே கிடையாது. ஒரு காய் போனதும் கோபித்துக்கொண்டு விலகினால் கிடைக்க வேண்டிய பாதிப் புள்ளியும் போய்விடும்.

தோல்விகளை மூன்று கூறாக்குங்கள்

இனி வேலைக்கு வருவோம். கடைசியாகத் தோற்ற இருபது ஆட்டத்தை எடுங்கள். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, "ஆட்டம் எந்த நகர்வில் போனது?" என்று மட்டும் கேட்டு, நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். எல்லாத் தோல்வியும் பெரும்பாலும் மூன்று கூறுக்குள் அடங்கிவிடும்: ஓசியில் காய் கொடுத்தது, நேரம் போனது, என்ன செய்வதென்று தெரியாமல் போனது. எடுத்துக்காட்டுக்கு, இருபதில் பதினொன்று ஓசிக் காய், ஐந்து நேரம், நான்கு தெரியாமை என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளைக்கு சிசிலியன் தற்காப்பின் பதினெட்டாவது கிளையைச் சொல்லிக் கொடுக்கும் காணொளியால் ஒரு பயனும் இல்லை. பதினொன்றை ஆறாகக் குறைப்பதுதான் அவனுடைய அடுத்த மாதத்துப் பாடம்.

ஓசிக் காய்: 1200க்குக் கீழே பெரும்பாலான ஆட்டங்களை முடிவு செய்வது இதுதான். நம் திட்டத்தில் மூழ்கி எதிராளி ஆடிய நகர்வைப் பார்க்காமல் விடுவதே காரணம். மருந்து எளிது, கடைப்பிடிப்பது கடினம். எதிராளி நகர்த்தியதும், "இது எதை மிரட்டுகிறது?" என்று கேட்க வேண்டும். நாம் நகர்த்தும் முன், "இங்கே வைத்தால் எனக்குச் செக் உண்டா, ஏதாவது காயை வெட்டுவானா, புதிதாக மிரட்டுவானா?" என்று மூன்றையும் பார்க்க வேண்டும். கூடவே தினமும் பதினைந்து நிமிடம் புதிர். ஒரே நேரத்தில் இரண்டு காயைத் தாக்கும் ஃபோர்க், பின்னால் ராஜா நிற்பதால் அசைய முடியாமல் போகும் 'பின்', கடைசி வரிசை மேட் ஆகிய மூன்று வகையை மட்டும் ஒரு மாதம் போட்டால் போதும். புதிரை வேகமாக முடிப்பதைவிட, விடையை முழுதாக மனத்தில் பார்த்த பிறகே காயைத் தொடுவது முக்கியம்.

நேரம்: மூன்று நிமிட பிளிட்ஸ் ஆடுகிறவனுக்கு யோசிக்கக் கற்க இடமில்லை. பத்து நிமிட ஆட்டமாவது ஆடட்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் பத்து நொடி கூடும் 15 நிமிட ஆட்டம் இன்னும் நல்லது. எதிர்த் திசையிலும் தவறு உண்டு. பத்து நிமிடம் கொடுத்தும் மூன்று நிமிடத்தில் தோற்று எழுந்து வருகிற பிள்ளைகள் நிறைய. தோற்ற ஆட்டத்தில் கடிகாரத்தில் மிச்சம் எவ்வளவு இருந்தது என்பதையும் நோட்டில் எழுதினால் இது தானாகத் தெரியும். நேரக் கஷ்டம் பெரியவர்களையும் விடுவதில்லை. மாமல்லபுரம் ஒலிம்பியாடில் தொடர்ந்து எட்டு ஆட்டம் வென்று அசத்திய குகேஷ், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவுக்கு எதிராக ஜெயிக்கும் நிலையில் இருந்தவர், நேர நெருக்கடியில் தவறி ஆட்டத்தையே இழந்தார். தங்கத்துக்குப் போட்டியிட்ட இந்தியாவின் இரண்டாவது அணி வெண்கலத்தோடு முடித்தது. அப்போது அவருக்கு வயது 16.

தெரியாமை: இது பெரும்பாலும் முடிவாட்டத்தில் வெளிப்படும். காய்கள் எல்லாம் போய் ராஜாவும் சில சிப்பாய்களும் மிஞ்சியதும் பிள்ளை கண்டபடி நகர்த்தத் தொடங்குவான். அங்கேதான் கணக்கு இருக்கிறது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப் பதினாலாவது ஆட்டம். 6.5-6.5 என்ற சமநிலை. டிராவானால் மறுநாள் வேக ஆட்டம், அதில் எதிராளி டிங் லிரனுக்கே சாதகம் என்று பலர் கணித்திருந்தார்கள். கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிரா ஆக வேண்டிய நிலை. அவர் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்வில் டிங் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். யானைகள் போனதும் பிஷப்புகளையும் மாற்ற வழி திறந்தது. மிச்சம் வெறும் சிப்பாய் முடிவாட்டம், அது கறுப்புக்கு வெற்றி. பதினெட்டு வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனது இந்த ஒரு காய் மாற்றத்தின் கணக்கில்தான்.

பிள்ளைக்கு அவ்வளவு தேவையில்லை. ராணியும் ராஜாவும் வைத்து மேட், ஒற்றை யானையும் ராஜாவும் வைத்து மேட், ராஜாவுக்கு எதிரே ராஜாவை நிறுத்தித் தன் சிப்பாயை ராணியாக்கும் முறை ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வார இறுதியில் கற்றுத் தரலாம். ஜெயித்த ஆட்டத்தை ஸ்டேல்மேட்டில் கோட்டைவிடுவது அன்றோடு நிற்கும்.

எஞ்சினை எப்போது திறப்பது?

குகேஷின் தொடக்கக் காலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஒரு காரியம் செய்தார். ரேட்டிங் 2500ஐ எட்டும்வரை, நகர்வுகளை அலசிச் சொல்லும் கணினி எஞ்சின் பக்கமே பையனை விடவில்லை. நகர்வைத் தானே கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் முதலில் ஊன்ற வேண்டும் என்பது அதன் நோக்கம். இது எல்லோருக்கும் பொருந்தும் சட்டமல்ல. ஆனால் அதன் பின்னால் உள்ள எண்ணம் நமக்கு உதவும்.

ஆட்டம் முடிந்த நொடியில் எஞ்சின் பொத்தானை அழுத்தினால் சிவப்பும் பச்சையுமாக அம்புக்குறி வரும். பிள்ளை "ஓஹோ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவான். எதுவும் தங்காது. முதலில் எஞ்சின் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, எந்த இடத்தில் தடம் மாறியது என்று தானே சொல்லட்டும். அந்த நேரத்தில் என்ன நினைத்து ஆடினான் என்று ஒரு வாக்கியம் எழுதட்டும். பிறகு எஞ்சினைத் திறந்து சரிபார்க்கலாம். அப்போதும் சிறு சறுக்கல்களை எல்லாம் விட்டுவிட்டு ஆட்டத்தைத் திருப்பிய ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். லிசெஸ்ஸில் இந்த அலசல் முழுக்க இலவசம். பணம் கட்டச் சொல்லும் தளம்தான் நல்ல தளம் என்று நினைக்கத் தேவையில்லை.

ஆட்டம் நடக்கும்போது எஞ்சினைப் பார்ப்பது வேறு விஷயம். அது மோசடி. தளங்கள் கண்டுபிடித்துக் கணக்கை மூடிவிடும். பக்கத்திலிருந்து அண்ணன் நகர்வு சொல்லிக் கொடுப்பதும் இதில் அடங்கும்.

சிக்னல், அரட்டை, அடுத்தடுத்த தோல்வி

மலையோரத்தில் சிக்னல் போவது பெரிய குறையாகத் தோன்றும். 2020இல் கொரோனா காலத்தில் நடந்த இணைய ஒலிம்பியாட் இறுதியிலேயே இந்தியாவின் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்தது. நேரம் முடிந்து ஆட்டங்கள் போயின. முறையீட்டுக்குப் பிறகு இந்தியாவையும் ரஷ்யாவையும் கூட்டுச் சாம்பியன்களாக ஃபிடே அறிவித்தது. நமக்கு முறையிட இடமில்லை. அதனால் இணைப்பு அறுந்து தோற்ற ஆட்டத்தை அந்த இருபதின் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பிள்ளையின் ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. சிக்னல் மோசமான நாளில் புதிர் போடட்டும், அல்லது பலகையை விரித்துப் பழைய ஆட்டம் ஒன்றை ஆடிப் பார்க்கட்டும்.

அரட்டைப் பெட்டியை அணைத்துவிடுவது பெற்றோரின் வேலை. லிசெஸ்ஸில் குழந்தைகளுக்கான முறையைத் தேர்ந்தால் அந்தப் பேச்சு வசதி மறைந்துவிடும்.

தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்கு நிறுத்திவிடுவது நல்ல விதி. மூன்றாவது ஆட்டத்தைப் பழிவாங்கும் வேகத்தில் ஆடுவார்கள். இரவு பதினொரு மணிக்கு நூறு புள்ளி இழக்கும் பிள்ளைகளின் கதை எல்லாம் அந்த மூன்றாவது ஆட்டத்தில்தான் தொடங்குகிறது.

திரையிலிருந்து பலகைக்கு

திரையில் நன்றாக ஆடுகிற பிள்ளை பலகையில் தடுமாறலாம். திரையில் மேலிருந்து தட்டையாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பலகையில் பிஷப் வரும் மூலைவிட்டம் எளிதில் பிடிபடாது. திரையில் சட்டத்துக்குப் புறம்பான நகர்வை ஆடவே முடியாது, பலகையில் முடியும். போட்டியில் ஒரு காயைத் தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும். நகர்வுகளைத் தாளில் எழுதவும் பழக வேண்டும். வாரம் ஒருமுறையாவது பள்ளியிலோ வீட்டிலோ காயைக் கையால் எடுத்து வைத்து ஆடுவது இதற்குத்தான்.

அடுத்த படி மாவட்டப் போட்டிகள். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பள்ளிக் கல்வித்துறையின் போட்டிகளிலும் இங்கே மாவட்ட அளவில் செஸ் உண்டு. ஃபிடே ரேட்டிங் வாங்க ஆசைப்பட்டால், ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். 2024 மார்ச் முதல் அந்தப் பட்டியலின் அடிமட்டம் 1400. இணையத்தில் 1400 வந்ததும் அது கிடைத்துவிடும் என்று எண்ணிப் போகிற பிள்ளைகள் முதல் போட்டியிலேயே ஏமாற்றம் அடைகிறார்கள். இரண்டும் வெவ்வேறு கணக்கு என்று முன்பே சொல்லி அனுப்புங்கள்.

ஒரு மாதத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு இரண்டு ரேபிட் ஆட்டம், அதற்கு மேல் வேண்டாம். தோற்ற ஆட்டத்துக்கு நோட்டில் ஒரு வரி. பதினைந்து நிமிடம் புதிர். வார இறுதியில் பலகை ஆட்டம் ஒன்று, முடிவாட்டப் பாடம் ஒன்று. மாதம் முடிந்ததும் புதிதாகத் தோற்ற இருபது ஆட்டத்தை மறுபடி மூன்று கூறாக்குங்கள். ஓசிக் காய் வரிகள் குறைந்திருந்தால் பிள்ளை முன்னேறியிருக்கிறான், ரேட்டிங் என்ன காட்டினாலும் சரி. குறையவில்லை என்றால் அதே பாடம் இன்னொரு மாதம்.